கொலைப்பழியை எத்தொழிலான் தலையில் ஏற்றுவது?

நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை உண்டு. கரும்புத் தோட்டத்திலிருந்து கரையேறியவர்களும், பணி ஓய்வுற்ற என்போன்ற ஆசிரியர்களும், வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் இளைஞர்களும் மாலைதோறும் அங்குக் கூடுவோம். அரசியற் பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆயினும் சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கியது வேறொரு வழக்கு. தொலைக்காட்சித் துப்பறி நாடகமொன்றில் ஆறாவது பிணமும் விழுந்துவிட்டது. கொன்றவன் இன்னும் அகப்படவில்லை.

"மருத்துவர்தாம் கொன்றிருப்பார்" என்றார் ஒருவர். "இல்லை, குடும்ப வழக்குரைஞர்" என்றார் மற்றொருவர். "வண்டியோட்டியின் கண்ணே சரியில்லை" என்றான் ஓர் இளைஞன். கரும்பு வெட்டும் முதியவர் ஒருவர் அதுவரை வாய்திறவாதிருந்தார். தேநீரைக் குடித்து முடித்துக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அதில் ஏழை எவனையாவது காவலர் முதலில் பிடித்து அடித்தார்களா? அடித்திருந்தால் அவன் கொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடலாம். நாடகத்தில் அப்படித்தானே? வெளியில் அப்படியா நடக்கிறது?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போயினர். அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

துப்பறி நாடகத்தில் கொலைஞனாக்குதற்குத் தக்க தொழிலான் யாவன்? மொழிக்கும் இனத்திற்கும் ஊறு சூழ்ந்திருக்கும் நாளில் இஃதென்ன வேலையற்ற ஆராய்ச்சி என்று தமிழ்நெஞ்சர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்துப் படியுங்கள். நம் மக்கள் நூலகத்தில் கழிக்கும் பொழுது எவ்வளவு, தொலைக்காட்சியின்முன் கழிக்கும் பொழுது எவ்வளவு என்பதை அவரவர் வீட்டிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். எவனைக் கண்டு அஞ்சுவது, எவனை நம்புவது என்னும் பாடத்தை இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியன் அந்தப் பெட்டியே.

கதைக்கலையின் வழியில் முதலில் பார்ப்போம். கொலைஞனாக்கத் தக்கவனுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். அவன் வந்தால் கதவு தானே திறக்க வேண்டும். பிறர்க்கில்லாத அறிவொன்று அவனிடம் இருக்க வேண்டும். கொலை நடந்த பின்னர் சான்றின்மேல் அவன் கை படும் இடத்தில் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தியவன் மருத்துவன். நள்ளிரவிலும் அவனுக்குக் கதவு திறக்கும். மருந்தின் அளவும் நஞ்சின் அளவும் அவன் அறிவான். இறப்புச் சான்றில் கையெழுத்திடுபவனும் அவனே. மேலைநாட்டார் இதனை விரைவில் கண்டுகொண்டனர். செர்லாக்கு ஓமுசைப் படைத்த ஆர்தர் கோனன் தாயில் தாமே ஒரு மருத்துவர். 1892இல் அவர் எழுதிய புள்ளிவரிப் பாம்புக் கதையில், கல்கத்தாவில் மருத்துவம் பார்த்துத் திரும்பிய ஒருவனே, இந்தியப் பாம்பொன்றை ஏவித் தன் வளர்ப்பு மகளைக் கொல்கிறான். அகதா கிறித்தியோ முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனையின் மருந்துப் பகுதியில் பணியாற்றி நஞ்சுகளின் இயல்பைக் கற்றவர். 1926இல் வந்த இரோசர் ஆக்ராய்டு கொலைக்கதையில், கதையை நமக்குச் சொல்லிக்கொண்டே வரும் ஊர் மருத்துவரையே கொலைஞராக்கி அவர் உலகைத் திகைக்க வைத்தார். கதை மெய்யாகவும் ஆயிற்று. இங்கிலாந்தில் ஆரல்டு சிப்மன் என்னும் மருத்துவர் தம்மிடம் வந்த முதியோர் பதினைவரைக் கொன்றதாக 2000ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார். பின்னர் 2002இல் வெளிவந்த உசாவல் அறிக்கை, அவர் கொன்றோர் தொகை 215 என்றது. இறப்புச் சான்றுகளில் கையெழுத்திட்டவர் அவரேயாதலால் அத்தனை ஆண்டுகள் எவரும் ஐயுறவில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் ஓடிய கொலம்போ என்னும் தொடரையும் இங்குச் சொல்ல வேண்டும். 1968இல் வந்த முதற்கதையில் கொலைஞன் உளநோய் மருத்துவன். அடுத்தடுத்து வந்தவர்கள் இசைக்குழுத் தலைவன், தேறல் வடிப்போன், அரசியல்வாணன், நெஞ்சாங்குலை அறுவை மருத்துவன் எனப் பெரும்பாலும் செல்வாக்குடையோரே. அவ்வறுவை மருத்துவன் கரைந்துபோகும் தையல் நூலைக் கொலைக்கருவியாகக் கொள்ளும் கதை 1973இல் வந்தது. கொன்றவன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவர். கசங்கிய மேலங்கியும் பழைய வண்டியுமாக வரும் எளிய காவல் அலுவலர் ஒருவர் அந்தப் பெருமாளிகைகளுள் நுழைந்து, செருக்குற்றோரை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு வீழ்த்துவதே அத்தொடரின் சுவை. எளியவன் வினவ, வலியவன் விடையிறுக்க வேண்டிய நிலை. நம் நாட்டில் அந்நிலையை நாம் நாடகத்திலாவது காண்கிறோமா?

வேலைக்காரனைக் கொலைஞனாக்கலாகாது என்று ஒரு விதியும் உண்டு. வான் தைன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1928இல் துப்பறி கதைக்கென இருபது விதிகள் வகுத்தார்; அவற்றுள் இஃதொன்று. ஏழைக்கு இரங்கிச் சொன்ன விதியென்று மகிழ்ந்துவிடாதீர்கள். வேலைக்காரன் எளிதில் ஐயுறத் தக்கவன், கொலைஞனாகும் மதிப்புக்கூட அவனுக்கில்லை என்பதே அவர் கருத்து. இகழ்ச்சியிலும் சில வேளை நன்மை விளைகிறது!

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் துப்பறி கதை 1894இல் நடேச சாத்திரியார் எழுதிய தானவன் கதைகளோடு தொடங்குகிறது. பின் ஆரணி குப்புசாமி முதலியார், செ. ஆர். இரங்கராசு, வடுவூர் துரைசாமி எனப் பலர் எழுதிக் குவித்தனர். வடமொழி நெடி வீசும் நடையைப் பொறுத்துக்கொண்டு அவற்றைப் படித்த தலைமுறை ஒன்று. எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தவர் தமிழ்வாணன். தெளிந்த எளிய தமிழில் துப்புத்துலக்க முடியும் என்பதைச் சங்கர்லாலைக் கொண்டு காட்டிய அவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். இவர்கள் அனைவர்க்கும் முன்னே, நம் துப்பறி இலக்கியத்தின் தலைமணியாக யான் கருதுவது வேறொன்று.

சிலப்பதிகாரத்தைச் சொல்கிறேன்.

களவு, பொய்ப்பழி, உசாவாத கொலை, மெய்ச்சான்று, வழக்கு, குற்ற ஒப்புகை என்னும் ஆறும் அதில் முறைப்படி அமைந்துள்ளன. அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். நூறு தொழிலாளர் பின்தொடர வருபவன். மன்னனை நேரிற் கண்டு பேச வல்லவன். யான் மேலே கூறிய மூன்று தகுதிகளும் அவனுக்குப் பொருந்துவதைக் காண்க. அவனுக்கு அரண்மனைக் கதவு திறக்கிறது, பொன்னறிவு இருக்கிறது, கோவலன் கொண்டுவந்த சிலம்பை மதிப்பிடும் உரிமையும் அவன் கையிலேயே உள்ளது. கோவலனைப் பார்த்துக் காவலருள் சிலர் "இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே" என ஐயுற்றபோது, கள்வர் கையாளும் கருவிகள் எட்டென எண்ணி விளக்கிக் குற்றவியல் வல்லுநனாகவே மாறிவிடுகிறான். கொன்றதோ கல்லாக் காவலன் ஒருவனின் வாள். கொல்லச் செய்தது, தேராத மன்னனின் ஒரு சொல். துப்புத்துலக்கியவள் கண்ணகி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்னும் வேறுபாட்டை அவையில் உடைத்துக் காட்டி நிறுவியவள் அவள். கைவரிப் பதிவும் குருதிச் சோதனையும் இல்லாத காலத்தில் இதனினும் சிறந்த சான்று எந்த நாட்டுக் கதையில் இருக்கிறது?

இளங்கோவடிகள் பழியை எங்கே இறக்கினார்? பொய்யுரைத்தவன் பொற்கொல்லன்தான். ஆனால், வழக்குரை காதையில் கண்ணகியின்முன் நிற்பவன் பொற்கொல்லன் அல்லன், பாண்டியன் நெடுஞ்செழியன். குற்றம் தன்னதென்று ஒப்பி உயிர்விட்டவனும் அவனே. ஆராயாமல் ஒறுக்கும் அதிகாரமே முதற்கொலைஞன் என்பது அடிகளின் தீர்ப்பு. ஆயின் அதன் பிறகு நடந்தது என்ன? கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந்தணிக்கவென்று பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூலே கூறுகிறது. ஒருவன் திருடினான், ஆயிரவர் மாண்டனர். அந்த ஆயிரவருள் அரசியின் சிலம்பைக் கண்ணால் கண்டவர்கூட எத்தனைபேர் இருந்திருப்பர்? ஆராயாது கொன்ற குற்றத்தை, ஆயிரம் மடங்கு ஆராயாது கொன்று கழுவினர்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1984 என நினைவு. இப்பகுதிப் பள்ளியொன்றில் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் இருந்தது மன்னன் அவைதான். முன்கதையைச் சுவைபடச் சொல்லும் ஆர்வத்தில் பொற்கொல்லனின் வஞ்சகத்தை யானே நடித்துக் காட்டினேன். மேசைமேல் குனிந்து, கண்ணை இடுக்கி, சிலம்பை உருட்டிப் பார்த்துப் பொய்யுரைத்தேன். வகுப்பு சிரித்தது. சிரித்த நாற்பது முகங்களும் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தன. அங்கே பத்தர் வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பள்ளியில் 'கள்ளப் பத்தன்' என்று பெயர். எழுதுகோல் ஒன்று காணாமற்போனால் முதலில் அவன் பையைத் திறந்து பார்ப்பார்களாம். எனக்கு இது தெரியவந்தபோது அவன் பள்ளியைவிட்டு நின்று ஓராண்டு ஆகியிருந்தது. இன்று அவர் அண்மையூர் ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் "ஐயா" என்று எழுந்து நிற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்திக்குத் தண்டை செய்யக் கொடுத்தபோது, வெள்ளியை என் கண்முன்னே நிறுத்து, எடையைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். "இதெல்லாம் எதற்கப்பா?" என்றேன். "இருக்கட்டும் ஐயா" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

அடிகள் எழுதியதில் பிழையில்லை. யான் நடித்ததில்தான் பிழை. அரண்மனைச் செல்வாக்கினன் ஒருவனைத் தொழிலான் ஒருவனாகச் சுருக்கினேன். தொழிலானைக் குலமாக விரித்தேன். மேலைநாட்டில் தொழில் என்பது ஒருவன் செய்யும் வேலை. நம் நாட்டில் அது பிறப்போடு கட்டப்பட்ட தளை. அங்கே மருத்துவனைக் கொலைஞனாகக் காட்டினால் மருத்துவர் எவரும் காவல் நிலையத்துக்கு இழுக்கப்படமாட்டார். இங்கே பாம்புபிடிப்பவனையும், பழைய இரும்பு பொறுக்குபவனையும், ஊர்சுற்றிப் பிழைப்பவனையும் ஒருமுறை காட்டினால், ஒரு குடியிருப்பே மறுநாள் தலைகுனிந்து நடக்க வேண்டும்.

இது கற்பனை அச்சம் அன்று. ஆங்கிலேயர் 1871இல் குற்றப் பழங்குடிச் சட்டம் என ஒன்று இயற்றினர். 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். துப்பறி கதைகளில் கைவரியைக் குற்றம் நடந்த பிறகு தேடுவர். இச்சட்டத்தில் குற்றம் நடக்கும் முன்னரே பிறப்பைப் பார்த்துக் கைவரியைப் பதிந்துகொண்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுமைக்கும் 1952இலும்தான் அச்சட்டம் ஒழிந்தது. எங்கள் கொம்யூன் நிலங்கள் அன்று பிரஞ்சு ஆட்சியில் இருந்தன. சுற்றிலும் தென்னார்க்காட்டு நிலம். ஒரு வரப்பில் பிரஞ்சுச் சட்டம், மறுவரப்பில் ஆங்கிலச் சட்டம். வரப்பைத் தாண்டிய ஒரே மனிதன் ஒரே நாளில் குடிமகனாகவும் பிறவிக் குற்றவாளியாகவும் இருக்கக்கூடிய விந்தையை வேறெங்கே காண்பது?

சட்டம் ஒழிந்தது; கண் ஒழியவில்லை. 1993இல், இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை ஊரைச் சேர்ந்த குறவர் குலத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், நகைத் திருட்டு ஐயத்தின்பேரில் காவலில் வைக்கப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர் கதைகட்டினர். அவர் துணைவியார் விடாது போராட, பின்னாளில் உயர்முறைமன்ற நடுவராக விளங்கிய சந்துரு அவர்கள் வழக்குரைஞராக நின்று மெய்யை வெளிக்கொணர்ந்தார். 2021இல் வந்த 'செய்பீம்' படம் இந்நிகழ்வைத் தழுவியது. ஒரு துப்பறி கதைக்குரிய அத்தனை முடிச்சுகளும் அதில் உள்ளன. காணாமற்போன ஆள், பொய்த் தொலைபேசி அழைப்பு, ஊரெல்லை தாண்டிக் கிடந்த பிணம், எல்லாம் உண்டு. அங்கே கொலைஞனின் தொழில் யாது? சீருடை. கதவு திறக்கிறது, சட்டவறிவு இருக்கிறது, முதல் தகவல் அறிக்கையை எழுதும் கையும் அவனுடையதே. என் மூன்று தகுதிகளும் அப்படியே பொருந்துகின்றன. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டதை எண்ணினால், முதியவரின் கேள்வி மீண்டும் காதில் விழுகிறது.

வண்டியோட்டியின் கண்ணைப் பழித்த இளைஞனுக்கும் ஒரு சொல். ஓமுசின் முதல் நெடுங்கதையில் (1887) கொலைஞன் இலண்டன் குதிரைவண்டிக்காரன். 2010இல் அதனைப் புதுக்கித் தொலைக்காட்சிக்கு எடுத்தபோதும் வாடகை மகிழுந்து ஓட்டியே கொலைஞன். எவர் கண்ணிலும் படாமல் ஊரெங்கும் திரியக்கூடியவன் என்பதால் கதைக்கு அவன் பொருத்தமே. ஆனால் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சென்னைத் திருவான்மியூர்ப் பக்கம் எண்பதுகளில் பல கொலைகள் செய்து, 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டவனின் பெயரோடு 'ஆட்டோ' என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. கள்ளச் சாராயமும் பெண்வணிகமும் அவன் செய்த தொழில்கள். அவற்றுக்குத் துணைநின்ற பெரிய கைகள் எவையென்பதே அன்று எழுந்த பேச்சு. பெயரில் நிலைத்ததோ அவன் ஓட்டிய தானி மட்டுமே. 2019இல் வந்த வலைத்தொடருக்கும் அதுவே தலைப்பு. உச்சிவெயிலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆயிரமாயிரம் தானியோட்டிகளின் காக்கிச் சட்டைமேல் அப்பெயர் இன்றும் கறையாய் இருக்கிறது. அவனோடு தொடர்புடைய மற்றைப் பெருந்தொழில்களுள் எதன்மேலும் அக்கறை ஏறவில்லை.

நம் திரைப்படங்களுள் இவ்வகையில் பாராட்டத் தக்கனவும் உள. 1954 மார்ச்சு இறுதியில் எங்கள் நெட்டப்பாக்கத்துக் காவல் நிலையத்தைப் பிரஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி, எதுவார் குபேர் தலைமையில் இடைக்கால அரசு அமைத்த அதே வேளையில்தான், சென்னையில் 'அந்த நாள்' வெளிவந்தது. பாட்டில்லை, ஆட்டமில்லை, ஒரு கொலையும் ஐவரின் கூற்றுகளுமே படம். ஆடல்மகள்மேல் ஐயம், அண்டைவீட்டான்மேல் ஐயம், தம்பிமேல் ஐயம் எனக் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் நாட்டைக் காட்டிக்கொடுத்த வானொலிப் பொறியாளனின் கற்ற மனைவியிடம் கொண்டுபோய் நிறுத்தினார் வீணை பாலச்சந்தர். எளியோர்மேல் ஐயத்தை எழுப்பியது அதனைத் துடைப்பதற்கே. 1964இன் 'புதிய பறவை'யில் கொலைஞன் பெருஞ்செல்வன்; 1978இன் 'சிகப்பு ரோசாக்கள்' படத்தில் தொழிலதிபன். இவற்றைக் கண்டு எந்தச் செல்வனும் அச்சத்தோடு தெருவில் நடந்ததில்லை.

2018இல் வந்த 'இராட்சசன்' ஆசிரியனாகிய எனக்கு உறுத்தியது. பெண்பிள்ளைகளைச் சீரழிக்கும் ஆசிரியன் ஒருவனை அதில் காட்டுகின்றனர். ஆயினும் யான் குறைகூறேன். பிரம்பும் மதிப்பெண்ணும் கையில் வைத்திருப்பவன் ஐயுறப்படத் தக்கவனே. என் குறை வேறு. நோயால் முகம் வேறுபட்ட சிறுவனே வளர்ந்து கொலைஞனாகிறான் என்று அப்படம் முடித்ததே, அது முறையா? நோயுற்ற பிள்ளையைப் பெற்ற தாய் ஒருத்தி அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பாள் அல்லளோ?

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விடமுடியவில்லை. 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் கொலைஞர் இருவரும் மருத்துவர், தேர்வு சரி. அவர்கள் பெயர் இளமாறன், அமுதன்! பிள்ளைக்குத் தூய தமிழ்ப்பெயர் இடுங்கள் என்று வீடுவீடாய் நாம் சொல்லி வந்த காலத்தில், அப்பெயர்களைத் தாங்கிய இருவரைக் கொடுங்கொலைஞராக்கித் துப்பறிவோனுக்கு இராகவன் என்று பெயர்சூட்டினர். கொலையுண்ட மனைவிக்கும் கயல்விழி என்று தமிழ்ப்பெயரே. நடுநிலையோடு பார்த்தால் பெரும் படிப்பாளிகள் தமிழ்ப்பெயர் தாங்கியிருக்கின்றனர் என மகிழவும் இடமுண்டு. எனக்கு அந்த அளவு நடுநிலை இல்லை. பதினோராண்டு கழித்து மிசுக்கின் எடுத்த 'துப்பறிவாளன்' படத்தில் துப்பறிவோன் பெயர் கணியன் பூங்குன்றன் என்றிருக்கக் கண்டு ஆறுதலுற்றேன்.

இன்னொரு வேடிக்கை. இத்தனைத் தொழிலாரைக் கொலைஞராக்கிய நம் நாடகக்காரர் தமிழாசிரியரை மட்டும் அங்ஙனம் ஆக்கக் காணேன். இரக்கத்தால் அன்று, அவரை நகைப்புக்கென ஒதுக்கிவைத்துள்ளனர். வேட்டியும் குடையுமாக வந்து இலக்கணம் பேசி இடறிவிழுவதே அவர் வேலை. எவரும் ஐயுறாதவனே சிறந்த கொலைஞன் என்னும் கலைவிதிப்படி, அடுத்த தொடரில் அவரைக் கொலைஞராக்கலாம். யான் மறுப்பெழுத மாட்டேன்.

இனி என் தேர்வைச் சொல்கிறேன். நஞ்சறிவு மருத்துவர்க்கே உரியது என்னும் மேலைநாட்டுக் கணக்கு எங்கள் கொம்யூனில் செல்லாது. பூச்சிக்கொல்லி இல்லாத உழவர் வீடு இங்கில்லை. கொலைக்கு வேண்டுவது கருவியன்று, கரணியம். புதுவை மண்ணில் அக்கரணியம் பெரும்பாலும் நிலம். சாலை அகலமானதும் கரும்பு நின்ற கொல்லைகளில் மனைக்கற்கள் முளைத்தன. பாதிக் குடும்பம் பிரான்சில் இருக்கும் வீடுகள் இங்குப் பல. உரியவர் கடல்கடந்து வாழ, பொய் ஆவணங்களால் வீடும் மனையும் கைமாறிய வழக்குகளைப் புதுவைச் செய்தித்தாள்களில் படித்து வருகிறோம். ஆகவே எங்கள் மண்ணுக்குரிய துப்பறி நாடகத்தில் கொலைஞனாக யான் நிறுத்துபவன் ஆவண எழுத்தன். எந்த முதியவருக்கு வாரிசில்லை என்பது அவனுக்குத் தெரியும். எந்தத் தாய்ப் பத்திரம் நொத்தேர் காலத்துப் பிரஞ்சில் இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். பதிவகத்தில் அவன் நுழைந்தால் எவரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. கொலைக்குப் பின் சான்றுக்கூற்று எழுதித் தருபவனும் அவனாகவே இருப்பான். அவனுக்குப் பின்னே மனை வணிகர் ஒருவர், அவருக்குப் பின்னே கட்சிக்காரர் ஒருவர் எனக் கதை வளர இடமுண்டு. துப்பறிபவள், பிரஞ்சு கற்ற பேத்தி ஒருத்தியாக இருக்கட்டும். பழைய பத்திரத்தில் உள்ள ஓர் ஊர்ப்பெயரின் பிழையைக் கொண்டு அவள் பிடித்துவிடுவாள். ஏம்பலத்தையும் ஏரிப்பாக்கத்தையும் பிரஞ்சுக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டலை இன்றைய ஏமாற்றுக்காரன் சரியாகப் போலிசெய்ய முடியாது.

ஆவண எழுத்தர்கள் என்மேல் சினங்கொள்வார்களோ என்று கடையில் கேட்டனர். கொள்ளட்டும். அவர்கள் கையில் எழுதுகோல் இருக்கிறது, மறுப்பெழுதலாம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் கையில் ஒன்றுமில்லை.

புதுவையில் குறும்படம் எடுக்கும் இளைஞர் பலர் உளர். அவருள் எவரேனும் இக்கதையை எடுக்க முன்வருவாராயின், பதிவு நடைமுறையை வரிவரியாக விளக்கிச் சொல்ல எங்கள் தேநீர்க் கடையில் ஆளிருக்கிறது. கூலி ஏதும் வேண்டா. உரையாடலைக் கலப்பில்லாத் தமிழில் எழுதித்தரும் வேலையை யானே ஏற்கிறேன். 'சார்' என்று ஒருவரும் விளிக்கலாகாது என்பது மட்டுமே என் கட்டுப்பாடு.